ஏட்டுப் பனி

ஔலுவில் மாலை மூன்று மணிக்கே இருட்டு.
பழைய தோல் ஆலையின் மூன்றாம் மாடியில்
வாடகைக்கு எடுத்த அறை.
ரேடியேட்டர் மேல் ஆறு கையுறைகள்; நாங்கள் மூவர்.

விளையாட்டு இதுதான்:
தீவுக்கும் கரைக்கும் நடுவே கடல் உறைந்து கிடக்கிறது.
அதன் மேல் ஒரு தபால் வேன்.
எங்கே உடையும் என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது.
எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
அதற்குத்தான் இந்த ஆவணம்.

இலவசமாகக் கிடைத்த டெம்ப்ளேட் ஒன்றில் தொடங்கினேன்.
எதிரி யார் என்று கேட்டது.
ஏப்ரல், என்று நிரப்பினேன்.
எதிரியின் ஆயுதம்?
வெயில்.
கடைசி அரக்கன்?
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
நவம்பர் முழுக்க அது சிவப்பாகவே எரிந்தது,
அடைக்காத கடன்போல.

பனியின் தடிமனுக்கு எக்ஸெல்:
நாற்பது நிரை, அறுபது நிரல்,
கட்டத்துக்குக் கட்டம் சென்டிமீட்டர்.
யார் எப்போது என்ன பேசுவார் என்பதற்கு
அம்புக்குறிகள் கிளைவிட்டு ஓடும் ஒரு வரைபடம்;
அதை அச்சிட்டால் கதவைத் திறக்க முடியாது.
விபத்துகளுக்கு மஞ்சள் ஒட்டுத்தாள்.
ரேடியேட்டர் சூட்டில் பசை விட்டுப்போய்
காலையில் தரையெல்லாம் விபத்துகள்.
பெருக்கும்போது இரண்டு தொலைந்தன.
எவை என்று யாருக்கும் நினைவில்லை,
ஆட்டத்திலும் அவை இல்லை.

பிர்கா எண்கள் உள்ள பக்கங்களை மட்டும் படிப்பான்.
இங்கெரி படங்களை மட்டும்.
பணம் தருகிற ஹெல்சிங்கி அம்மாள்
முதல் பக்கத்தை, அதுவும் லிஃப்டில்.
முழுதும் படித்தது எழுதிய நான் ஒருத்திதான்.
பதினேழாம் பக்கத்தில் கெட்டியாக இருந்த விரிகுடா
ஐம்பதாம் பக்கத்தில் உருகியிருந்தது.
இரண்டையும் எழுதியது ஒரே வாரத்தில், இதே கை.

பதிப்பு 9.
பதிப்பு 9 சரி.
பதிப்பு 9 கடைசி.
பதிப்பு 9 கடைசி பிர்கா இதைத் தொடாதே.

பிப்ரவரியில் ஒரு நாள்
இங்கெரி என் மடிக்கணினியை மூடினாள்.
மொறுமொறுப்பான ரை ரொட்டிப் பாக்கெட்டைப் பிரித்து
மேசை முழுக்கப் பரப்பினாள். அது கடல்.
சர்க்கரைக் கட்டி, வேன்.
பகடையில் நாலுக்கு மேல் விழுந்தால் விரலால் அழுத்து.
முதல் துண்டு உடைந்த சத்தத்துக்கு
மூவரும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தோம்.
அறுபது பக்கங்களில் எங்கும் அந்தச் சத்தம் இல்லை.
ஏட்டுப் பனியில் எவரும் மூழ்குவதில்லை.

ஆடிப் பார்க்க ரெய்மாவைக் கூப்பிட்டோம்.
தீவுச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்.
காப்பி குடித்தார். கடலில் இரண்டு துண்டு தின்றார்.
அட்டவணையை வெகுநேரம் பார்த்தார்.
"தடிமன் சரி. வேகம் எங்கே?
விரட்டிப் போனால் அடியில் தண்ணீர் அலையாகக் கிளம்பும்.
உனக்கு முன்னால் ஓடும்.
கரை கிட்டே போய் உடைக்கும்.
அங்கே நீ இருக்க மாட்டாய்.
எதிரே வருகிறவன் இருப்பான்."
சொல்லிவிட்டு ரேடியேட்டர் பக்கம் போனார்,
எட்டுக் கையுறைகளில்
தன்னுடையவை எவை என்று தேடிக்கொண்டு.

அன்றிரவு அட்டவணையில் வேகத்தைச் சேர்த்தேன்.
இரண்டாயிரத்து நானூறு கட்டங்களும்
ஒரே குரலில் பிழை என்றன.
அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்,
நடைபாதையில் கொஞ்சம் மெதுவாகவே.

காலையில் சிவப்பு அணைந்திருந்தது.
எழுத்துப் பக்கங்களைத் திறந்தே பார்க்காத பிர்கா
கடைசி அரக்கன் கட்டத்தில் தட்டியிருந்தான்:
எதிரே வருகிறவர்.
பக்கத்தில், எனக்கு ஒரு குறிப்பு:
கோடில் எழுத வேண்டும், அவர் பெயர் என்ன?

பதிப்பு 10.
விசைப்பலகைக்குள் ரொட்டித் தூள்.
பெயர் இன்னும் வைக்கவில்லை.